உன் பெயர் வெட்டிய தட்டு

பெரியவனுக்கு,

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ரயில் கிளம்புவதற்குச் சற்று முன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரெங்கன் சாப்பிட்டானாம்மா?" என்று கேட்டாய். "பெட்டிய சீட்டுக்கு அடியில தள்ளு, யாராச்சும் தூக்கிட்டுப் போயிரப் போறாக" என்றேன். நீ குனிந்து பெட்டியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது ரயில் நகர்ந்துவிட்டது. உன் சித்தி கையசைத்தாள். நானும் அசைத்தேன். முந்தின நாள் காலையில் நீ வீட்டைவிட்டு இறங்கியதிலிருந்து உன் தம்பி ஒரு பருக்கை தொடவில்லை என்பதை நான் சொல்லவில்லை. ஒரு நாள் முன்னதாகவே உன்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பியது, நீ சாமி கும்பிட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல என்பதையும் சொல்லவில்லை. நீ மில் சங்கு போல வாயால் ஊதி, அப்பா பதிவு செய்து வைத்த கேசட்டை நான் அதுவரை ஒரு தடவைகூடப் போடவில்லை என்பதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ இறங்கியிருப்பாய். பெட்டியைக்கூட எடுக்காமல் இறங்கியிருப்பாய்.

நேற்று உன் கடிதம் வந்தது. நாலைந்து வரி எழுதியிருக்கிறாய். அதில் பாதி கேசட்டைப் பற்றி. 'தேஞ்சு போச்சுன்னா எழுதுங்க, இங்க ஒருத்தன்கிட்ட டேப் இருக்கு, புதுசா ஊதி அனுப்புதேன்.' சாப்பாடு எப்படி, குளிர் தாங்குகிறதா, உன்னை யாரும் திட்டுகிறார்களா, ஒன்றும் இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எதையும் நேரில் பேச எனக்கு வராது. அது உனக்கே தெரியும். எழுதினால் ஓரளவு வரும்.

ரெங்கன் கைக்குழந்தையாக இருந்தபோது நீ சின்னப் பையன், பல விஷயம் உனக்கு நினைவிருக்காது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தலையில் தண்ணீர் பட்டால் தெருவே கூடும்படி அலறுவான். வாயில் வைத்த சோற்றைத் துப்புவான். காது கேட்கவில்லை என்றார்கள், வளர்ச்சி போதாது என்றார்கள், பேய் என்றார்கள். மதுரையில் ஒரு டாக்டர்தான் முதன்முதலில் 'ஆட்டிசம்' என்ற சொல்லைச் சொன்னார். அவர் சீட்டில் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். அங்கே இருந்த அகராதியில் அந்தச் சொல் இல்லை. கையில் அகப்பட்டதையெல்லாம் படித்துக் கொண்டிருந்தவள் நான். என் பிள்ளையைப் பற்றிய சொல் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லாதது, அன்றைக்கு என்னை யாரோ வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியது போல இருந்தது.

காது கேட்காத பிள்ளை அல்ல என்று எனக்குத் தெரிந்தது மில் சங்கினால். நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த மில்லில் ஷிப்டுக்கு ஷிப்டு சங்கு ஊதும். அது ஊதும்போது ரெங்கன் எது செய்துகொண்டிருந்தாலும் நின்றுவிடுவான். முகம் இளகிவிடும். ஊதி முடித்த செத்த நேரத்துக்கு அவன் மேல் என்ன செய்தாலும் அலற மாட்டான். அந்தச் செத்த நேரத்தை நான் பிடித்துக்கொண்டேன். காலைச் சங்கு ஊதியதும் குளிப்பாட்டுவேன். மத்தியானச் சங்குக்குச் சோறு. சாயந்தரச் சங்குக்குக் கைகால் கழுவி மறுபடி சோறு. ராத்திரிச் சங்குக்குப் பாய். மாதக்கணக்காகச் செய்தோம். பல் தேய்ப்பதும் சட்டை போடுவதும் கடைசியிலிருந்துதான் சொல்லிக்கொடுத்தேன். எல்லாப் பொத்தானையும் நானே போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் பாதி நுழைத்து அவனிடம் விடுவேன். அதை அவன் இழுத்து முடிப்பான். அது பழகியதும் கடைசி இரண்டு. அவன் தொடுகிற காரியம் எப்போதும் முடிந்துபோன காரியமாக இருந்ததால் அவனுக்குக் கோபம் வரவில்லை. இப்படியே ஒரு நாள் முழுச்சட்டையும் அவனே போட்டுக்கொண்டு, சங்கு ஊதுமுன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மில்லில் அவர் கூட்டாளிகள், "ஓம் மவன நம்ம டிபார்ட்மெண்டுக்கு அனுப்புய்யா, எங்களவிட டயத்துக்கு நிக்கான்" என்று கேலி செய்வார்களாம். அதையும் பெருமையாகவே வந்து சொல்வார்.

பிறகு மில்லைப் பூட்டினார்கள். அது உனக்கு நன்றாக நினைவிருக்கும். சம்பளம் இல்லாத அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் பேச்சு குறைந்திருந்தது. சங்கும் இல்லை. ரெங்கன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலில் மில் பக்கமாகத் திரும்பி நின்றான். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. சோற்றை முன்னால் வைத்தால் தலையைச் சாய்த்து வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் நான் அழுதுகொண்டிருந்தபோது நீ யாரிடமும் சொல்லாமல் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் வாயில் குவித்து, 'ஊ...' என்று ஊதினாய். அப்படியே மில் சங்கு. கடைசியில் அது இழுத்துத் தேய்கிற அந்தச் சத்தம் உட்பட. ரெங்கன் வந்து உட்கார்ந்து சாப்பிட்டான். அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு சீதம்மா எட்டிப் பார்த்து, "என்ன, மில்லு திறந்துட்டாகளா?" என்று கேட்டாள்.

மில்லை மறுபடி திறந்தார்கள். புது நிர்வாகம் சங்கை நிறுத்திவிட்டது. அதிலிருந்து நீதான் சங்கு. நான் ஊதிப் பார்த்தேன், அப்பாவும் ஊதிப் பார்த்தார். ரெங்கன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து ஊதிவிட்டுத் திரும்ப ஓடுவாய். சாயந்தரம் விளையாட்டுப் பாதியில் வருவாய். சேத்தூரில் உன் சிநேகிதன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்காராமல் பஸ் ஏறி வந்தாய். விருதுநகரில் பாலிடெக்னிக் இடம் கிடைத்தபோது, "ஹாஸ்டல் நமக்கு ஒத்துவராதும்மா" என்று நீயே சொல்லி முடித்துவிட்டாய். நான் உன்னை வற்புறுத்தவில்லை. 'பொறுப்பான பிள்ளை' என்று ஊர் சொன்னது, நானும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மதுரைக்கு ரெங்கனைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனது அதற்குப் பிறகுதான். அங்கே இருந்த டீச்சரிடம் நான் சங்கு விஷயத்தை விவரமாகச் சொன்னேன். பாராட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா. இவன் உங்ககிட்ட எதையாவது கேட்டு வாங்கியிருக்கானா?" என்றார். நான் ரெங்கனைப் பார்த்தேன். "சங்கு நீங்க அவனுக்குச் சொல்றது. அவன் உங்களுக்குச் சொல்றது எது?" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அதை யோசித்துக்கொண்டே வந்தேன். ரெங்கனுக்குத் தாகம் என்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சொம்பின் மேல் வைப்பான். என் கை அவனுக்கு ஒரு கரண்டி மாதிரி. கையோடு ஒரு ஆள் இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை. பசி வருவதற்கு முன்னால் சங்கு வந்துவிடும். வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்னால் நான் கொண்டுவந்து வைத்துவிடுவேன். நான் அவனைக் கீழ்ப்படியப் பழக்கியிருந்தேன், கேட்டு வாங்கப் பழக்கவில்லை.

டீச்சர் சொன்னபடி சித்தி வீட்டிலிருந்து வரும் பால்கோவாவை, இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்தேன். அவனால் திறக்க முடியாது. டப்பாவைத் தூக்கி என் கையில் கொடுத்தால் திறந்து ஒரு விள்ளல் கொடுப்பேன். என் மணிக்கட்டைப் பிடித்தால் கொடுப்பதில்லை. நீகூட, "பாவம்மா, குடுத்துரு" என்றாய். பல வாரம் கழித்து ஒரு நாள் டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். கண் இமைக்கும் நேரம்தான், ஆனால் பார்த்தான். அடுத்தது தட்டு. பசித்தால் அலமாரியிலிருந்து தன் தட்டை எடுத்துவந்து என் கையில் தர வேண்டும். அது மட்டும் நடக்கவே இல்லை. எப்படி நடக்கும்? அதற்குள் நீ ஊதிவிடுவாய்.

பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் நீதான் முதல் என்று அப்பா சொன்னார். எனக்கு ஆச்சரியமில்லை, தினம் மத்தியானம் ஓடிவந்த கால்கள் அவை. தேர்வான செய்தியோடு நீ வந்து நின்ற முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சந்தோஷம் என்று ஒன்று அதில் இல்லை. 'போகட்டுமாம்மா' என்று கேட்கவில்லை. 'போக ஆசையா இருக்கு' என்றும் சொல்லவில்லை. "சங்குக்கு என்னம்மா செய்ய?" என்றாய். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கேட்கத் தெரியாத பிள்ளை எனக்கு ஒன்று அல்ல, இரண்டு.

அப்பா கூட்டாளி வீட்டிலிருந்து டேப்ரெக்கார்டரை இரவல் வாங்கிவந்தார். நீ அடுக்களையில் நின்று ஊதினாய். "இனி கவலையே இல்ல. பட்டன அமுக்குனா போதும்" என்றார் அவர்.

"கரண்டு போனா?" என்றேன்.

"பேட்டரில ஓடும்ட்டி."

"நாம போனா?"

அவர் பேட்டரியை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளே போட்டார். அப்போதுதான் நான் முடிவு செய்தேன், யாரிடமும் சொல்லவில்லை. உன்னை ஒரு நாள் முன்னதாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்புவது, நீ வீட்டில் இல்லாத அந்த முதல் நாளில் கேசட்டைப் போடாமல் இருப்பது. ஒரு தடவை அந்தப் பெட்டி ஊதிவிட்டால், பிறகு என் ஆயுள் முழுவதும் அதுதான் ஊதும். பட்டினி போட்டு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள் என்று டீச்சர் எச்சரித்திருந்தார். நான் பட்டினி போடவில்லை. சோறு அவன் முன்னாலேயே இருந்தது, அதற்குள் பழகிவிட்டதால் தண்ணீரைத் தானே மொண்டு குடித்தான். இப்படிச் சொல்லிக்கொண்டுதான் அந்த ராத்திரியைக் கடந்தேன். ஆனாலும் நான் செய்வது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் வரை, அதற்குமேல் கூடாது என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். அப்பாவிடம், "நான் ஸ்டேஷன் போயிட்டு வார வரைக்கும் பட்டனத் தொடாதீக" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, விடிந்ததும் உன்னை அனுப்ப பஸ் ஏறினேன். மற்றது உனக்குத் தெரியும். ஜன்னல், கேள்வி, பெட்டி.

ராஜபாளையம் வரும்வரை பஸ்ஸில் என்னால் உட்காரவே முடியவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டு வாசலில் அப்பா டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மில்லுக்குப் போகவில்லை.

"ஏட்டி, அவன் ஓம் புள்ளையா, இல்ல நீ வாசிக்க புஸ்தகமா?" என்றார். "கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துட்டுத்தான் மூடுவியோ?"

"காலையில வச்சீகளா?"

"இட்லி வச்சேன், வாழப்பழம் வச்சேன். கையக் கடிச்சுட்டு உக்காந்திருக்கான். போய்ப் பாரு, எம்புட்டு காஞ்சு போயிருக்கான்னு."

சீதம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "தின்னாடா?" என்று கேட்டாள். சாப்பிட்டானா என்கிறாள், பதற்றத்தில் அவளுக்குத் தெலுங்குதான் வரும். பிறகு தானே, "ஏ வசந்தா, பாவம்டி. அந்தப் பொட்டிய அமுக்கித் தொலையேன். மத்தவங்க புள்ளைக்கு அம்மா இருக்கா, இதுக்கு வாத்தியாரம்மால்ல இருக்கா" என்றாள். நான் உள்ளே போனேன்.

ரெங்கன் சாப்பிடும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். துண்டு தோளில். தலை பின்வாசல் பக்கம் சாய்ந்திருந்தது. மணிக்கட்டில் பல் தடம் சிவந்து கிடந்தது. நான் சோறு வடித்து, அவனுக்குப் பிடித்த பருப்பும் நெய்யும் எடுத்து வைத்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன், டப்பாவுக்கு நீட்டுவது போல. சாதம் மணந்தது. அவன் என் கையைப் பார்க்கவில்லை. அப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோறு ஆறத் தொடங்கியது. ரெங்கன் மறுபடி மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனான். நான் எழுந்துபோய் அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கி, பட்டனை அமுக்கினேன். அப்பா அல்ல, நான்தான் அமுக்கினேன். கெடு முடிய இன்னும் நேரம் இருந்தது. என்னால் முடியவில்லை.

முதலில் அப்பாவின் குரல் வந்தது: "ஏலே, சிரிக்காம ஊது." பிறகு நீ சிரித்தாய். பிறகு சங்கு.

ரெங்கன் துள்ளி எழுந்தான். சோற்றைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை. நேராகப் பின்வாசலுக்கு ஓடினான். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பார்த்தான். குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தான். உள்ளே வந்து உன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். அப்பா டேப்பைப் பின்னால் சுற்றிவிட்டு மறுபடி போட்டார். இந்தத் தடவை ரெங்கன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். மில் சங்கு ஊதிய காலத்திலிருந்து அந்தச் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்தி நான் பார்த்ததில்லை. "நிப்பாட்டுங்க" என்றேன். அவர் நிறுத்தினார். எங்களிடம் இருந்த கடைசி வழியும் அதோடு போயிற்று. இனி என்ன செய்வது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இதற்கு மேல் எழுதுவதற்கு முன் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நம் வீட்டில் கேட்காமல் இருப்பதைக் குணம் என்று சொல்லி வளர்த்தோம். நீ காய்ச்சலைக்கூடச் சொன்னதில்லை, நான் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். அங்கே தொட்டுப் பார்க்க ஆள் இல்லை. பசித்தால் கேள். போர்வை போதவில்லை என்றால் கேள். லீவு வேண்டும் என்றால் எழுதிக் கேள். எங்களிடம் கோபம் இருந்தால் அதையும் எழுது. விருதுநகர் போகாமல் நின்றாயே, அதைப் பற்றி உனக்குக் கோபம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால்தான் எனக்குப் பயம். நாளை உனக்கு ஒரு குடும்பம் வரும்போது, பிள்ளை வாய் திறப்பதற்கு முன்னால் எடுத்துக் கொடுத்துவிடுகிற பாசத்தை மட்டும் என்னிடமிருந்து கற்றுக்கொள்ளாதே. கொஞ்சம் தாமதி. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மறுநாள் மத்தியானம் வரைகூட என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கேசட் இனி அனுப்ப வேண்டாம்.

அன்று நடந்தது இதுதான். பெட்டி நின்றதும் ரெங்கன் காதிலிருந்து கையை எடுத்தான். அலமாரிக்குப் போனான். அவன் தட்டு எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது, எடுக்க வசதியாக நான்தான் அப்படி வைத்திருந்தேன். அதைத் தூக்கிக் கீழே வைத்தான். அதற்கு அடியில் இருந்த அப்பாவின் தட்டையும் என் தட்டையும் எடுத்துக் கீழே வைத்தான். கடைசியாக இருந்த உன் தட்டை எடுத்தான். உன் பெயர் வெட்டிய இடத்தை விரலால் தடவினான். அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். டப்பாவுக்குப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தான். பிறகு பின்வாசலைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"அண்ணன் ரயில்ல போயிருக்கான். வருவான்" என்றேன். அவனுக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியாது. உன் தட்டிலேயே சோற்றைப் போட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டான், இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினான். அப்பா டேப்ரெக்கார்டரை அன்று சாயந்தரமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து பசித்தால் அந்தத் தட்டைத்தான் கொண்டுவருகிறான். அவனுடைய தட்டு அலமாரியில் சும்மா கிடக்கிறது. லீவுக்கு வந்தால் நீ அதில்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

அம்மா